வாய் மூடிப் போட வேண்டிய கோலம்

பால்வாடி ஆயா குருவம்மாவுக்கு ஒரு நாள் வேலையே போக இருந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி சிவசைலம், தொப்பை முதலில், தான் பிறகு என்று உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் தரையில் புளியங்கொட்டைகளைப் புள்ளியாக வைத்து, சாக்பீஸால் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத்தானே முணுமுணுத்தது. "இப்படி வளை... இல்ல, அந்தப் பக்கம்..."

"என்னம்மா இது, சந்தைக்கடையா? சத்தமில்லாம போடச் சொல்லு. இல்லேன்னா உன் வேலை போயிடும்!"

"ஆகட்டும் சார். எப்படின்னு நீங்களே ஒண்ணு போட்டுக் காட்டுங்க. பார்த்துப் படிச்சுக்குவாங்க."

"இதென்ன பெரிய வித்தையா?" என்று சம்மணமிட்டு உட்கார்ந்தார் அதிகாரி. மூன்றாவது புள்ளியிலேயே கோடு சிக்கிக்கொண்டது. "மேலே போ... ஐயோ, இதைச் சுத்தலையே... சிவசைலம், நிதானம், நிதானம்..."

ஐந்து வயது யாழினி உதட்டில் விரலை வைத்தாள். "உஷ்! பேசாதே தாத்தா!"

"விடு கண்ணு," என்றாள் குருவம்மா. "வாய்விட்டுச் சொன்னாத்தான் கை தப்பாம போகும். அவரும் இப்பத்தானே படிக்கிறாரு."

அதிகாரி எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார். பார்வையாளர் புத்தகத்தில், 'பிள்ளைகள் நன்றாக யோசிக்கிறார்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதையும் முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினார், அந்த மகராசன்.