இரண்டு கட்டங்களுக்கு நடுவில்

வளசரவாக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம். ஜப்பான்காரர்கள் எடுக்கும் அனிமே என்கிற அசையும் சித்திரப் படங்களுக்கு அங்கே படம் வரைந்து அனுப்புவார்கள். ஒரு ஆள் எழுந்து நிற்பதற்கே எத்தனையோ தாள் வரையவேண்டும். அவ்வளவும் திரையில் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். கை ஒடிகிற வேலை.

அந்த மாடியில் எல்லோருக்கும் மாஸ்டர் பிலோமினா. தூத்துக்குடிக்காரர், வயது முப்பதுக்குக் கொஞ்சம் மேலே. அவரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்த மருதவாணனுக்கோ நாற்பத்தைந்து. கூரியர் கம்பெனியில் பார்சல் தூக்கிக்கொண்டிருந்த மனுஷன். ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றை, மங்கா என்பார்களே, அதை யாரோ கொடுக்கப் படித்துவிட்டு, இந்த வயதில் பென்சிலும் கையுமாக வந்து நின்றுவிட்டார். மாஸ்டர் அவரை அண்ணாச்சி என்பார். அவர் மாஸ்டரை மாஸ்டர் என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சநாச்சம் கிடையாது.

அந்த மங்காவே இப்போது அனிமேயாக வரப்போகிறது. அதில் ஒரு காட்சி, எங்கெங்கோ சுற்றி, இந்த மாடிக்கே வந்து சேர்ந்தது. மருதவாணனுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

காட்சி சின்னதுதான். பனி கொட்டுகிற மலையூர். சோத்தா என்று ஒரு பொடியன். அவன் அம்மா பிழைப்புக்காகப் பட்டணம் போகிறாள். வாசற்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டுகிறாள், எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான். ஜப்பானிலிருந்து வந்த குறிப்பும் ஒரே வரி: அம்மா திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும்.

அதைப் படித்ததும் மருதவாணன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, கை ஓடலியா?"

"தப்பா எழுதியிருக்காங்க மாஸ்டர். அவ திரும்பிப் பாப்பா."

"யாரு சொன்னா?"

"புத்தகத்துலயே இருக்கு. கதவுல ஒரு கையை வச்சுக்கிட்டு திரும்புவா. கண்ணு கலங்கி நிக்கும். வாயைத் திறக்க மாட்டா. அந்த ஒரு படத்துக்காகத்தான் நான் இருந்த வேலையை விட்டுட்டு இங்க வந்தேன்."

"கொண்டாங்க, பாப்போம். இருந்துச்சுன்னா நானே ஜப்பானுக்கு எழுதிக் கேக்குதேன்."

மறுநாள் காலையில் புத்தகத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பக்கத்தைத் தேடவே வேண்டாம், கை பட்டதும் தானாகத் திறந்துகொண்டது. அத்தனை தடவை திறந்த பக்கம்.

மேலே ஒரு கட்டம்: அம்மா குனிந்து செருப்பு மாட்டுகிறாள். கீழே ஒரு கட்டம்: சாத்திய கதவு. நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளைத் தாள்.

மருதவாணன் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். முந்தின பக்கத்தைப் புரட்டினார். நடுவில் தாள் கிழிந்திருக்குமோ என்று தையலை விரித்துப் பார்த்தார். பக்க எண் எல்லாம் வரிசையாகத்தான் இருந்தது.

"ஐயோ, நான் பாத்தேனே மாஸ்டர்! எத்தனை தடவை பாத்திருக்கேன்!"

மாஸ்டர் பக்கத்து மேசையில் வண்ணம் போட்டுக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டார். அவளும் அந்த மங்காவைப் படித்தவள்தான்.

"ஃபரீதா, சோத்தாவோட அம்மா எப்படிப் போனா?"

ஃபரீதா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "புள்ளைய இழுத்து உச்சி மோந்துட்டுப் போவா. அந்தப் படத்தைப் பாத்துட்டு அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு எறங்கல."

"உச்சி மோந்தாளா? எவ மோந்தா?" என்றான் கணினி முன்னால் இருந்த செந்தூரான். "அவ ஓடுவா. நின்னா அழுதுருவோம்னு ஓடுவா. செருப்பு வாரைக்கூட சரியா மாட்டியிருக்க மாட்டா. நல்லாப் பாரு, படம் இருக்கு."

"நீ வேற ஏதோ புத்தகத்தைப் படிச்சிருக்க."

"நீதான் தூங்கிட்டே படிச்சிருப்ப!"

சண்டை முற்றி இரண்டு பேரும் எழுந்து வந்தார்கள். மேசையில் விரிந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தார்கள். செந்தூரான் குனிந்து கண்ணைப் பக்கத்துக்கு அருகே கொண்டுபோனான். ஃபரீதா அந்த வெள்ளை இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

மருதவாணனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. அந்த இத்தனூண்டு இடத்துக்குள் ஒருத்தி திரும்புகிறாள், ஒருத்தி ஓடுகிறாள், ஒருத்தி பிள்ளையை விடமாட்டேன் என்கிறாள். அடேயப்பா! வரைந்த மனுஷன் எப்பேர்ப்பட்டவனாக இருக்கவேண்டும், வரையாமல் விடுவதற்கு!

ஆனால் அந்தச் சிலிர்ப்பு அடங்குவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது.

"மாஸ்டர், நான் இதை வரைஞ்சேன்னா இவங்க அத்தனை பேரும் போயிருவாங்களே."

"யாரு போயிருவாங்க?"

"ஃபரீதா பாத்தவ, செந்தூரான் பாத்தவ..." அந்த வெள்ளை இடத்தின் மேல் கையை வைத்தார். "நான் பாத்தவ."

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு ஏழு வயசு மாஸ்டர். எங்கம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினாங்க. போகக்கூடாதுன்னு எனக்கு வீம்பு. போர்வையை இழுத்து மூடிக்கிட்டுப் படுத்துட்டேன். பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, நான் எழுந்திரிக்கல. கதவுச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் அவங்க வரவே இல்ல. அங்கயே முடிஞ்சுபோச்சு. போகும்போது திரும்பிப் பாத்தாங்களான்னு எனக்குத் தெரியாது. இந்தப் புத்தகத்துலதான் மொதமொதல்ல அவங்க திரும்புறதைப் பாத்தேன்."

மாஸ்டர் விரிந்து கிடந்த புத்தகத்தை மெல்ல மூடினார்.

"உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, அண்ணாச்சி. வேற ஆளுகிட்ட கொடுத்துருதேன்."

"வேண்டாம். வேற யாரும் அவளைத் தொடவேண்டாம். நானே வரையுறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. படிக்கிறவனுக்கு இவ்வளவு எடம் விட்டிருக்கானே, பாக்கிறவனுக்கு அந்த எடம் எங்க இருக்கு?"

"மொதல்ல வரைங்க. பொறவு பேசுவோம்."

வரைந்தார். கீழே விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் தாளின் மேல் தாளை வைத்து, ஒரு நூல் அளவு நகர்த்தி நகர்த்தி வரைந்தார். எல்லாத் தாளிலும் முதுகுதான். எந்தத் தாளிலும் அவள் திரும்பவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், இதோ வர்றேன் என்பார், வரமாட்டார். கடைசித் தாளை முடித்த அன்று கையைக் கழுவிக்கொண்டு வந்து மாஸ்டருக்குப் பின்னால் நின்றார்.

மாஸ்டர் படங்களைக் கணினியில் ஏற்றி ஓடவிட்டார்.

அம்மா மூச்சு விட்டாள். சத்தியமாக விட்டாள்! தோள் லேசாக ஏறி இறங்கியது. முழங்காலில் கையூன்றி எழுந்தாள். கதவைப் பிடித்த கை ஒரு நொடி தாமதித்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ஃபரீதா வாயைப் பொத்திக்கொண்டாள். செந்தூரான், "இன்னொரு தடவை போடுங்க மாஸ்டர்," என்றான். மருதவாணனுக்கே நம்ப முடியவில்லை. ஒவ்வொரு கோடும் தன் கை போட்டது. அதற்கு உயிர் எங்கிருந்து வந்தது? கும்பிடலாம்போல் இருந்தது.

"போயிட்டா மாஸ்டர். திரும்பவே இல்ல."

மாஸ்டர் எழுந்தார். மருதவாணன் வரைந்த தாள்களை எடுத்து மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். இடம் போதாமல் தரையிலும் பரப்பினார்.

"இதுல எந்தத் தாள்ல அவ நடக்கா? எடுத்துக் கொடுங்க."

மருதவாணன் குனிந்து தேடினார். ஒரு தாளில் குனிந்து இருந்தாள். ஒன்றில் பாதி எழுந்தபடி இருந்தாள். ஒன்றில் கதவருகே நின்றாள். எல்லாத் தாளிலும் அசையாமல்தான் இருந்தாள்.

"ஒண்ணுலயும் நடக்கலையே."

"பின்ன எங்க நடந்தா?"

மருதவாணன் ஒரு தாளைப் பார்த்தார். அதற்கடுத்த தாளைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் பார்த்தார்.

"இதுக்கும் அதுக்கும் நடுவுல... ஆனா அங்க ஒண்ணுமே இல்லையே, மாஸ்டர்."

"புத்தகத்துல மட்டும் என்ன இருந்துச்சு?"

மருதவாணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அங்க ஒரு விரல் அகலம் எடமாவது இருந்துச்சு. இங்க கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லையே."

மாஸ்டர் குனிந்து ஒவ்வொரு தாளாக எடுத்து அடுக்கினார்.

"திரும்பிப் பாக்கதுக்குப் பெத்தவளுக்கு எவ்வளவு எடம் வேணும், அண்ணாச்சி?"