மதகுக்கு ஆடிய பந்து

ஒரு காலத்தில் செவ்வயல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை அதிரூபசிங்கன் என்ற ராஜா ஆண்டு வந்தார். காலையில் ஒரு கட்டளை போடுவார், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதை மறந்து வேறொன்று போடுவார். இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடுகிறவர் மந்திரி குழைக்காதர்.

செவ்வயலுக்கும் பக்கத்து மணற்குடி நாட்டுக்கும் ஒரே ஏரி. மதகை யார் முதலில் திறப்பது என்று வெட்டிக்கொண்டு செத்த காலமும் உண்டு. பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வருஷா வருஷம் ஏரிக்கரை மைதானத்தில் கால்பந்து. பந்து எதிரியின் மூங்கில் வாசலுக்குள் புகுந்தால் ஒரு பழம். பழம் அதிகம் எடுத்த நாட்டுக்கு முதல் தண்ணீர், மற்றவர்களுக்கு மிச்சம்.

இந்த வருஷம் மழையே இல்லை. மிச்சம் என்று எதுவும் இருக்கப்போவதில்லை.

ஆட்டக்காரர்களைப் பழக்குவது குழைக்காதரின் பொறுப்பு. தொடக்கத்தில், மருதன் என்ற ஓட்டக்காரனை இடது ஓரமாக ஓடவிட்டு, எல்லாரும் அவனுக்கே பந்தைத் தள்ளச் சொன்னார். ஜெயித்தார்கள். மறு வருஷம் மணற்குடி மந்திரி சிங்காரவல்லி, மருதன் மேல் மூன்று பேரை ஏவினாள். குழைக்காதர் மருதனைச் சும்மா ஓடவிட்டு, பந்தை வலப்பக்கம் அனுப்பினார். அப்போதும் ஜெயித்தார்கள். போன வருஷம் அந்த அம்மாள் வலப்பக்கத்தையும் அடைத்துவிட்டாள். தோற்றார்கள்.

அன்றிலிருந்து மந்திரிக்குச் சோறு இறங்கவில்லை. வகுக்கிற ஒவ்வொரு தந்திரத்துக்கும் சிங்காரவல்லி என்ன பதில் வைத்திருப்பாள் என்று அவர் மனமே ஒன்றைச் சொல்லும். பதிலுக்குப் பதில் யோசிப்பார். அதற்கும் அவளிடம் பதில் இருக்கும்.

தளவாய் உக்கிரசேனருக்கு மந்திரி பதவி மேல் வெகுநாளாக ஒரு கண். சபையில் எழுந்தார்.

"மகாராஜா, ஜெயித்த வழி கையில் இருக்க, மந்திரி எதற்கு வருஷத்துக்கொரு குட்டிக்கரணம் போடுகிறார்? பயந்தவன்தான் மாற்றிக்கொண்டே இருப்பான்."

"நாம் மாறாவிட்டாலும் அவர்கள் மாறுகிறார்களே, தளவாய்?" என்றார் குழைக்காதர்.

"பார்த்தீர்களா, குரலே நடுங்குகிறது!"

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "முதலில் ஆடிய ஆட்டத்தையே ஆட வேண்டும். என்னைக் கேட்காமல் ஓர் ஆளை நகர்த்தினாலும் உம் பதவி தளவாய்க்கு."

ஆட்ட நாள் வந்தது. கரை கொள்ளாத கூட்டம், சத்தமில்லாத கூட்டம். எல்லார் கண்ணும் ஏரியின் அடியில் கிடந்த கொஞ்சத் தண்ணீர் மேல்தான்.

சிங்காரவல்லி புதிதாக ஏதோ வரும் என்று ஆட்களைப் பரப்பி வைத்திருந்தாள். வந்ததோ பழைய ஆட்டம். மருதன் இடது ஓரமாகப் பறந்து ஒரு பழம் எடுத்துவிட்டான். தளவாய் மீசையை முறுக்கினார். குழைக்காதர் மட்டும் எதிர்ப்பந்தலைப் பார்த்தார். சிங்காரவல்லி சத்தம் போடவில்லை, விரலை அசைத்தாள். அவ்வளவுதான், மூன்று பேர் மருதனைச் சுற்றிக்கொண்டார்கள். அவன் காலில் இருந்த பந்தைப் பறித்து அவர்களும் ஒரு பழம் போட்டார்கள். இடைவேளை முரசு கொட்டியது.

குழைக்காதர் ராஜாவின் பந்தலுக்கு ஓடினார்.

"மகாராஜா, ஆட்டத்தை மாற்ற உத்தரவு வேண்டும்."

"கூடாது. சொன்னால் சொன்னதுதான்."

மந்திரி குனிந்தார். கீழே கிடந்த புளியங்கொட்டை ஒன்றை எடுத்தார். "அப்படியானால் அடுத்த முரசு வரை ஒரு விளையாட்டு. தளவாய் இதை ஒரு கைக்குள் ஒளிக்கட்டும். தாங்கள் கண்டுபிடித்தால் அவர் மோதிரம் தங்களுக்கு."

மோதிரம் என்றதும் ராஜா நிமிர்ந்து உட்கார்ந்து, தளவாயின் இடக்கையைத் தொட்டார். கொட்டை வலக்கையில் இருந்தது.

"ஆகா! வலக்கை ஜெயித்த கை. பயந்தவன்தானே மாற்றுவான்? தளவாய் அதிலேயே வைக்கட்டும்" என்றார் குழைக்காதர்.

ராஜா வலக்கையைத் தொட்டார். மோதிரம் போயிற்று. மறுபடியும் வலக்கை. இன்னொரு மோதிரமும் போயிற்று.

தளவாய் நெளிந்தார். "மகாராஜா... கையை மாற்றிக்கொள்ளலாமா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. எதிர்ப்பந்தலைப் பார்த்தார், மருதனைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"மந்திரி, உம் இஷ்டப்படி மாற்றும். ஆனால் தோற்றால் நீரும் தளவாயும் மணற்குடிக்குப் போய்த் தண்ணீர் கேட்டு நிற்க வேண்டும்."

உத்தரவு கிடைத்துவிட்டது. யோசனைதான் கிடைக்கவில்லை! மருதனிடம் போனார்.

"ஐயா, எங்கே போனாலும் மூணு பேரும் பின்னாலேயே வர்றானுங்க. தண்ணி குடிக்கப் போனாக்கூட வர்றானுங்க" என்று மருதன் அழாத குறையாகச் சொன்னான்.

குழைக்காதர் அவனை உற்றுப் பார்த்தார். "அப்படியானால் அவர்களைக் கூட்டிக்கொண்டு நம் வாசலுக்கே வந்துவிடு."

"நம்ம வாசலுக்கா? அப்போ முன்னாலே யாரு?"

மந்திரி கொம்பையாவைக் காட்டினார். வாசலை விட்டு ஒருநாளும் நகராத தடியன். "நானா?" என்றான் அவன், வாயைப் பிளந்து.

முரசு கொட்டியது. மருதன் பின்னால் வர, மூவரும் கூடவே வந்தார்கள். வந்தவர்களில் ஒருவன் காலில் பந்து சிக்கியது. ஓங்கி அடித்தான். குழைக்காதர் கண்ணை மூடிக்கொண்டார். மூங்கிலில் 'டணார்' என்று சத்தம். கண்ணைத் திறந்தபோது, தெறித்து முன்னால் வந்த பந்தைக் கொம்பையா உருட்டிக்கொண்டு போனான். எதிரே வெட்டவெளி.

"திரும்புங்கடா!" சிங்காரவல்லி முதல்முறையாகக் கத்தினாள். அதற்குள் பந்து வாசலைத் தாண்டிவிட்டது. அந்தப் பழமே கடைசிப் பழமும் ஆயிற்று.

ராஜா மந்திரியைக் கட்டிக்கொண்டார். "தளவாயே, சேற்றில் இறங்கி மதகுப் பலகையைத் தூக்கும். உம் உறுதி அதற்கு உதவும். மந்திரி, உமக்கு என்ன வேண்டும்?"

"தண்ணீரில் பாதி மணற்குடிக்கு, மகாராஜா."

"ஜெயித்துவிட்டுக் கொடுப்பதா?"

"அந்த அம்மாள் இல்லாவிட்டால் நான் இன்னும் மருதனை ஓரமாகத்தான் ஓடவிட்டுக்கொண்டிருப்பேன்."

ராஜாவின் மனசு எந்தப் பக்கம் சாயுமோ என்று கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. "சரி, பாதி" என்றார் அவர்.

தண்ணீர் இரண்டு வாய்க்காலிலும் ஓடத் தொடங்கியது. சிங்காரவல்லி கரையைக் கடந்து வந்து கும்பிட்டாள்.

"பெரிய மனசு, மந்திரியாரே. அடுத்த வருஷம் கொம்பையாவை மறிக்கவும் ஆள் பார்த்துவிட்டேன்."

குழைக்காதர் பதிலுக்குக் கும்பிட்டார். அவள் போனதும் அவசரமாகத் திரும்பினார்.

"அடேய் மருதா, நீ வலது காலால் மட்டும்தானே அடிக்கிறாய்? இங்கே வா."