சேவியர் தொட்ட கடிகாரம்

"டீச்சர், சேவியர் என்னை ஏமாத்திட்டான்."

செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார் தங்கப்பழம்.

தூத்துக்குடியில் பழைய கைக்கடிகாரங்கள் சேர்ப்பவர்களுக்கு நூருன்னிசாதான் குரு. தங்கப்பழத்தைவிட வயதில் இளையவர். எது அசல் பாகம், எது பிறகு மாட்டியது என்று திறந்து பார்த்துச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததே இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

"உக்காருங்க அண்ணாச்சி. யாரு, உங்க சிநேகிதர் சேவியரா?"

"அவனேதான். கழுவி எண்ணெய் போட்டுக் குடுடான்னு என் சுவிஸ் கடிகாரத்தைக் குடுத்தேன். உள்ள இருந்த ஹேர்ஸ்பிரிங் சுருளை உருவிட்டு எதையோ மாட்டியிருக்கான். இப்ப வெறி புடிச்ச மாதிரி ஓடுது. அதை நம்பினா மத்தியானமே கடையைப் பூட்டிருவேன்."

"வாங்கிட்டு வந்த அன்னிக்கே இப்படி ஓடுச்சா?"

"இல்ல. கொஞ்ச நாள் கையில கட்டியிருந்தேன், ஒழுங்காத்தான் இருந்துச்சு. அப்புறம் தூசி படுமேன்னு மனசு கேக்கல. கழட்டிப் பத்திரமா வச்சிட்டேன்."

"நீங்களே திறந்து பாத்தீங்களாக்கும்?"

"பாக்காம இருப்பனா? முடி மாதிரி சுருள், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. அசல் அப்படி ஒட்டுமா?"

"சேவியர்கிட்ட கேட்டீங்களா?"

"அவன்கிட்ட என்னத்தைக் கேக்க? நம்ம கடிகாரச் சங்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அவன்கிட்ட வேலைக்குக் குடுத்திருந்தவங்க எல்லாம் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாங்க. நாளைக்குக் கூட்டம். அவனை விலக்கணும். நீங்க பாத்துச் சொல்லிட்டா முடிஞ்சுது."

என் கோபம் நியாயம்தானா என்று சில நாட்களாகத் தங்கப்பழம் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். நியாயம்தான் என்று இன்னொரு வாய் சொன்னால் தூக்கம் வரும் என்று தோன்றியது.

"கொண்டாங்க."

தங்கப்பழம் பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து மடியில் வைத்தார். உள்ளே வெல்வெட். கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தார். பெட்டியின் மூடி தானாக டக்கென்று மூடிக்கொண்டது.

"இதுக்குன்னே சொல்லி வாங்கின பெட்டி. தூசி தும்பு அண்டாது."

"மத்த கடிகாரம்லாம்?"

"அதுங்க மேசை டிராயர்ல உருண்டுகிட்டுக் கிடக்கு. அதுங்களுக்கு ஒரு கேடும் வரல."

டீச்சர் கடிகாரத்தின் முதுகைத் திறந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி வெகுநேரம் பார்த்தார்.

"சுருள் அசல்தான்."

"நல்லாப் பாருங்க டீச்சர்."

அவர் மறுபடி பார்க்கவில்லை. ஒரு சிறிய திசைகாட்டியை மேசைமேல் வைத்தார். கடிகாரத்தை அதன் அருகே கொண்டுபோனார். ஊசி நடுங்கியது.

கடிகாரத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பெட்டிக்காகக் கை நீட்டினார்.

பெட்டி அருகே வந்ததும் ஊசி சட்டென்று திரும்பி அதைப் பார்த்து நின்றது. டீச்சர் பெட்டியை மேசையைச் சுற்றி நகர்த்தினார். ஊசியும் கூடவே சுற்றியது.

தங்கப்பழம் மூடியின் உள்பக்கத்தைத் தடவினார். வெல்வெட்டுக்கு அடியில், கொக்கி இருக்கவேண்டிய இடத்தில், வட்டமாக ஒன்று விரலில் இடித்தது.

காந்தம்.

"அப்ப சேவியர்..."

"நல்லாச் செஞ்சிருக்காரு. ஒரு கீறல்கூட இல்ல. இந்தப் பெட்டியோட காந்தம் ஏறித்தான் சுருள் ஒட்டிக்கிச்சு, ஒட்டினா வேகமா ஓடும்."

தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் தேய்ந்து மறையும்வரை தங்கப்பழம் தலை நிமிரவில்லை.

டீச்சர் காந்தம் எடுக்கும் கருவியின் மேல் கடிகாரத்தை வைத்தார். பொத்தானை அழுத்தியபடி அதை மெதுவாக மேலே தூக்கினார். பிறகு பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். திசைகாட்டியிடம் கொண்டுபோனார். ஊசி அசையவில்லை. ஒட்டியிருந்த சுருள் பிரிந்து, விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

முதுகை மூடி நீட்டினார். தங்கப்பழம் வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். நிதானமாக ஓடியது.

"இவ்வளவு சுலபமா டீச்சர்? வேற ஒண்ணும் செய்ய வேண்டாமா?"

"கடிகாரத்துக்கு வேண்டாம்," என்றார் அவர்.