வெளுக்காத துண்டு

தில்லையம்மா குடிலுக்கு முன்னாடி சிங்காரம் குறுக்கும் நெடுக்குமா நடந்துகிட்டிருந்தான். பழைய பேட்டரிய உடைச்சு ஈயம் உருக்குற பட்டறையில வேலை. வேலை முடிஞ்ச கையோட வீட்டுக்குப் போயி, மகளத் தோள்ல தூக்கிப் போட்டுகிட்டு அப்படியே வந்துட்டான்.

தில்லையம்மாவுக்கும் சிங்காரத்துக்கும் ஒரே வயசுதான். ஆனா அவங்க குரு, இவன் சிஷ்யன்.

"உக்காருப்பா."

"உக்கார முடியலம்மா."

மக செவ்வந்தி முருங்க மரத்தடியில கோழியத் துரத்திகிட்டிருந்தா. நாலு எட்டு ஓடுவா. வயித்தப் பிடிச்சுகிட்டு நிப்பா. அவ ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

சிங்காரம் இல்லாத கண்ணாடிய மூக்குல ஏத்தி விட்டுகிட்டு, டாக்டர் குரல்லயே சொன்னான். "'பதறாதீங்க. புதுசா உள்ள போகலன்னா, ரத்தத்துல உள்ளது கொஞ்சம் கொஞ்சமா ஒண்ணுக்குல போயிடும். எலும்புல ஏறினதுதான் லேசுல இறங்காது. வருசக்கணக்காகும்.'"

"சரியாத்தானே சொல்லியிருக்காரு?"

"என்ன சரி? பட்டறை இருக்குற தெசையில அவளத் தலவச்சுக்கூடப் படுக்க விடல. நேத்து மறுபடி டெஸ்ட் எடுத்தா, கூடியிருக்கு! எதிர் வீட்டுக்காரி வெளக்கெண்ணெய்ங்கறா. டீக்கடைக்காரரு, 'மோரக் குடு, மோரக் குடு'ங்கறாரு. தெனமும் என் தோள்லதான் தூங்குறா. அவ மூச்சையே கேட்டுகிட்டு உக்காந்திருக்கேன். இந்தப் பிள்ள உடம்புக்கு மட்டும் வெளிய தள்ளத் தெரியலயாம்மா?"

தில்லையம்மா கொடியில கெடந்த வெள்ளத் துண்ட உருவி அவன் மேல வீசினாங்க. தோள்ல விழுந்துச்சு.

"அலசிட்டு வா."

"இப்பவா?"

"இப்பத்தான்."

குழாயடிக்குப் போனான். அலசினான், பிழிஞ்சான், தோள்ல போட்டுகிட்டு வந்தான்.

தில்லையம்மா விரிச்சுப் பாத்தாங்க. "அழுக்கு இருக்கே."

திரும்பவும் போனான். சோப்பு போட்டான். தோள்ல போட்டுகிட்டு வந்தான்.

"இன்னும் இருக்கே."

மூணாவது தடவ அடிச்சுத் துவைச்ச சத்தத்துல கோழி கூரையில ஏறிடுச்சு. ஈரத் துண்டத் தோள்லேருந்து உருவி நீட்டினான். நடுவுல அதே கறை.

"இந்தத் துண்டுலதான் ஏதோ கோளாறு! வெளுக்கவே மாட்டேங்குது!"

"அலசின தண்ணி எப்படி இருந்துச்சு?"

"சாம்பலா ஓடுச்சு."

"அப்ப துண்டு விட்டுகிட்டுதானே இருக்கு?"

"பின்ன ஏன்…"

"குழாயடியிலேருந்து எதுல போட்டு எடுத்துட்டு வந்தே?"

சிங்காரம் கை தானா தோளுக்குப் போச்சு. சட்டையத் தொட்டுப் பாத்தான். விரல்ல மினுமினுன்னு பட்டறைத் தூசி.

அந்த நேரம் பாத்து செவ்வந்தி ஓடி வந்தா. ரெண்டு கையையும் தூக்கிகிட்டு.

"அப்பா, தூக்கு!"

சிங்காரம் ரெண்டு எட்டு பின்னால போனான். அவ்வளவு நேரமா நிக்காத ஆளு, அங்கயே நின்னுட்டான்.

தில்லையம்மா பிள்ளையத் தன் பக்கம் இழுத்துகிட்டாங்க.

"குழாயில இன்னும் தண்ணி வருது. இந்தத் தடவ துண்ட வச்சிட்டு நீ மட்டும் போ."