தலைக்கு ஓர் அணை

வண்டியின் உறுப்புகளெல்லாம் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், கார் இருக்கைகள் தோள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் வளர எஞ்சின் விடுவதில்லை. ஹாரனும் பிரேக்கும் விளக்கும் முன்னால் வருவதைப் பார்த்துக்கொண்டன. பின்னால் வருவதைப் பற்றி அங்கே ஒருவருக்கும் கவலை இல்லை. அதிகாரத்தில் இருப்பவர்களின் லட்சணம் அப்படி.

கோவில்பட்டி டாக்ஸிக்காரர் கொம்பையா ஒருநாள் ரயில்வே கேட்டில் காரை நிறுத்தியிருந்தார். பின்னால் வந்த லாரி முட்டியது. இருக்கை அவர் முதுகை முன்னால் தள்ளியது. தலையைப் பிடிக்கத்தான் ஆளில்லை. அது பின்னால் மடங்கி, கழுத்து சுளீரென்று வெட்டி இழுத்தது. கழுத்துக்குப் பட்டை போட்ட டாக்டர், இன்னொரு தடவை இப்படி ஆனால் வண்டி ஓட்டுவதையே மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

"முதுகத் தாங்குன, தலைய விட்டுட்டியேப்பா," என்றார் கொம்பையா இருக்கையிடம். இருக்கைக்கு அவமானமாகப் போயிற்று.

"அண்ணாச்சி, நான் தலை வரைக்கும் வளரணும்," என்று எஞ்சினிடம் கேட்டது.

"உக்காரத்தாம்ல உன்ன வச்சிருக்கு. உன் ஆளுக்குத் தலையணை கேக்குதோ?"

"தூங்குறதுக்குத் தலையணை கேக்கல. தலைக்கு ஒரு அணை கேக்கேன். வெள்ளத்துக்குக் குறுக்க நிக்கும்லா, அந்த அணை."

"அடங்கி இருல."

"அடங்க மாட்டேன்."

சொன்ன கையோடு, இருக்கை தன் விலாவிலிருந்து இரண்டு கம்பிகளை உருவியது. வலி உயிர் போயிற்று. அவற்றைத் தன் தோள்களைத் துளைத்து மேலே நிறுத்தி, தன் மடியிலிருந்து பிய்த்த பஞ்சைச் சுற்றிக்கொண்டது. எஞ்சின் உறுமியது. ஹாரன் ஏசியது. எல்லாமாகச் சேர்ந்து அதைக் கீழே அமுக்கப் பார்த்தன.

"எறக்கணும்னா என்ன ஒடச்சுத்தான் எறக்கணும்," என்றது இருக்கை. இம்மியும் இறங்கவில்லை.

கொம்பையா கழுத்து ஆறி மறுபடி வண்டி எடுத்தபோது, சாத்தூர்ச் சாலையில் ஒரு பஸ் பின்னால் வந்து மோதியது. இந்த முறை முதுகும் தலையும் ஒன்றாகவே முன்னால் போயின. கொம்பையா பயந்து கழுத்தில் கை வைத்தார். இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். வலது பக்கமும் திரும்பியது. சாவியைத் திருகினார். எஞ்சின் அடங்கிப்போய்க் கிளம்பியது.

அன்று முதல்தான், இருக்கையின் தலைத்தாங்கி மேலே இழுத்தால் உடனே வருகிறது. கீழே அமுக்கினால் மட்டும் முரண்டு பிடித்து நிற்கிறது. பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்திக் கெஞ்சினால்தான், வேண்டாவெறுப்பாக இறங்குகிறது.