கூன்மலைக்குக் கூன் இல்லை

"பேரெல்லாம் பொய், தாயி!"

சடையன் தலைத்துண்டை உதறித் தரையில் எறிந்தான். நாற்பத்தைந்து வயது ஆள், கண் கலங்கியிருந்தது.

வெள்ளச்சி மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைவிடப் பத்து வயது இளையவள்தான். ஆனால் எந்தக் குன்றுக்கு, எந்த ஓடைக்கு என்ன பேர் என்று அந்த மலையில் அவளைத்தான் கேட்கவேண்டும். சடையன் அவளிடம் பாடம் கேட்க வந்து ஒரு மாதமாகிறது.

சும்மா வரவில்லை, பாவம். மண் சரிந்து அவன் ஊரே போய்விட்டது. பத்தொன்பது குடும்பம் பள்ளிக்கூடக் கொட்டகையில் கிடக்கிறது. முப்பாட்டன்மார் இருந்த பழைய ஊரில் வற்றாத ஊற்று ஒன்று உண்டாம். எங்கே என்றுதான் எவனுக்கும் தெரியாது. ஆடி பிறப்பதற்குள் கண்டுபிடிக்காவிட்டால், பிழைப்புக்கு ஆளுக்கொரு செங்கல் சூளையைப் பார்த்துக் கீழே இறங்கவேண்டியதுதான்.

"அந்தப் பழைய ஊர்க்காரங்க வச்ச பேருன்னு மூணு சொன்னியே. கூன்மலை மேல ஏறினேன். கூனாவது கீனாவது! நட்டக்குத்தலா நிக்குது."

"சரி."

"ரெட்டைக்கல்லுக்குப் போனேன். மூணு கல்லு கெடக்குது. எண்ணத் தெரியாதவனா பேரு வச்சான்?"

"அப்புறம்?"

"வெள்ளிக்கோட்டு ஓடை. எறங்கிப் பாத்தேன். ஒரே சேறு. தவளைகூடக் கறுப்பு."

வெள்ளச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"அண்ணே, இந்த மாட்டுப் பேரு நிலாச்சி."

சடையன் மாட்டைப் பார்த்தான். கொம்பிலிருந்து வால்வரை கன்னங்கரேல்.

"இதுவுமா? ஆளை வுடு, தாயி."

அவள் செம்பை நீட்டினாள். "இன்னிக்கு நீ கற."

அவன் குனிந்ததுதான் தாமதம், மாடு விட்டது ஓர் உதை.

"அந்தப் பக்கம் இல்லண்ணே. நான் உக்கார்ற பக்கம் வா."

சுற்றிவந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

அவன் முகத்துக்கு நேரே, மாட்டின் விலாவில், தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளை வட்டம்.

செம்பு கையிலேயே இருந்தது. மடியைத் தொடவில்லை.

"கறக்கலையா?"

செம்பை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினான். துண்டைக்கூட எடுக்கவில்லை.

எதிர்ச்சரிவில் நடந்தான். கூன்மலை நிமிர்ந்தே நின்றது. இன்னும் மேற்கே போனான். உச்சி லேசாகச் சாய்ந்தது.

"வளைஞ்சு குடு, என் அப்பனே, இன்னும் கொஞ்சம்!"

முள் காலைக் கிழித்தது. அவனுக்கு உறைக்கவில்லை.

ஒரு மேட்டில் ஏறியதும் நின்றுவிட்டான். மலை நன்றாகக் கூன் போட்டிருந்தது. மூன்று கல்லில் ஒன்று மற்றொன்றின் பின்னால் மறைந்துவிட்டது. தூரத்தில் அந்தச் சேற்று ஓடை வெயிலில் வெள்ளிக் கம்பியாக மின்னியது.

பேர் வைத்தவர்கள் குடியிருந்த இடம் இதுதான். சுற்றிப் பார்த்தான். புதரும் சருகும்தான். வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. ஊற்றைக் காணோம்.

போச்சு, இனி கொட்டகையில் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்று தொப்பென்று சருகின்மேல் உட்கார்ந்தான். ரொம்ப நேரம் அழுதான்.

பிறகு எழுந்தான். பின்பக்கம் தடவிப் பார்த்தான்.

வேட்டி சில்லென்று சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.