நெருப்புக்கு முதுகு காட்டிய கீரி

ஒரு காட்டில் கலைமான் ஒன்று இருந்தது. தன் கொம்பின் அழகைப் பற்றி யாரிடமாவது பேசாவிட்டால் அதற்குப் புல் இறங்காது.

மலைகளுக்கு அப்பால் ஓர் எரிமலை பொங்கி, நெருப்புக் குழம்பு ஆறாக ஓடுகிறது என்று அது கேள்விப்பட்டது. உடனே அதற்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அந்த வெளிச்சத்தில் என் கொம்பு எப்படி மின்னும்! வந்து சொன்னால் காடே வாயைப் பிளக்கும்" என்றது. எதிலும் எச்சரிக்கையான கீரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பியது.

எரிமலையை நெருங்கியதும் கீரி காற்றை மோந்து பார்த்தது.

"காற்று நம் முதுகில் அடிக்கிற பக்கமாகப் போவோம் அண்ணே. புகை நம்மேல் வராது" என்றது.

இருவரும் ஒரு மேட்டில் ஏறினார்கள். கீழே நெருப்புக் குழம்பு செக்கச்செவேலென்று ஓடிக்கொண்டிருந்தது. கலைமான் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி அழகு பார்த்தது. கீரியோ நெருப்புக்கு முதுகைக் காட்டி, வந்த வழியைப் பார்த்தபடி உட்கார்ந்தது.

"இவ்வளவு தூரம் வந்து வெறும் பாதையையா பார்க்கிறாய்? நல்ல ஆள் தம்பி நீ!" என்று கலைமான் சிரித்தது.

சற்று நேரத்தில் கீரி துள்ளி எழுந்தது. குழம்பின் இன்னொரு கிளை மேட்டைச் சுற்றிக்கொண்டு பாதையை நோக்கி ஊர்ந்து வந்தது.

"அண்ணே, வழி அடைபடப் போகிறது. வா, போய்விடலாம்!"

"பயந்தாங்கொள்ளி! நீ போ. நான் இன்னும் ஆசை தீரப் பார்க்கவில்லை."

கீரிக்குக் கோபம் வந்தது. அண்ணனை விட்டுப்போக மனமும் வரவில்லை. கொஞ்சம் யோசித்தது.

"இங்கே உன் அழகைப் பார்க்க நான் ஒருவன்தான். பாதைக்கு அப்பால் அந்தக் குன்றில் ஒரு மான் கூட்டமே நிற்கிறது. நீ அங்கே போய் நின்றால், உன் கொம்புக்குப் பின்னால் நெருப்பு தெரியும்."

"இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா!" என்று கலைமான் பாய்ந்து ஓடியது. கீரியும் கூடவே ஓடியது.

குன்றில் ஒரு மானும் இல்லை.

"எங்கே கூட்டம்? பொய்யா சொன்னாய்?" என்று கலைமான் சீறித் திரும்பியது. அவர்கள் ஓடிவந்த பாதையை நெருப்பு மூடியிருந்தது. சற்றுமுன் நின்ற மேட்டில் புல் எரிந்துகொண்டிருந்தது. கலைமான் கீரியை முன்னே விட்டு, அதன் பின்னால் நடந்தது.

காட்டுக்குத் திரும்பியதும் முயல்கள் சூழ்ந்துகொண்டன.

"கீரியண்ணே, நெருப்பு எப்படி இருந்தது?"

"நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை."

"பிறகு எதற்கு அவ்வளவு தூரம் போனீர்கள்?" என்று முயல்கள் சிரித்தன.

கலைமான்தான் பதில் சொன்னது.

"நான் திரும்பி வருவதற்கு."

நீதி: வேடிக்கை பார்க்கப் போகிறவர் திரும்பும் வழியின் மீதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.